முத்துச் சலாபம், நான்காம் பதிப்பு

ஆஹென்
6 பெப்ரவரி 2024

றெக்ஸ்,

இதைக் கடிதமாக எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் சொன்னால் நாளைக்கே குடும்பக் குழுவில் இருக்கிற முப்பத்தாறு பேரும் கேட்பார்கள். கடிதத்தைப் படமெடுத்துப் போட உனக்குப் பஞ்சியாக, அலுப்பாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது, வாசலில் நின்ற உன் மனைவி எவ்லின் எல்லோருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு பை தந்தாள். உள்ளே இரண்டு ரோல்ஸ், ஒரு துண்டு கேக், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு புத்தகம். அட்டையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் மெழுகுதிரி எரிந்தது, கீழே "கண்ணீர்ப் பூக்கள்" என்று இருந்தது. எங்கள் சனத்தில் ஆர் செத்தாலும் முப்பத்தொன்றுக்கு ஒரு நினைவு மலர் அடிப்பதுதானே. வழக்கமான மலர் என்று நினைத்து ரோல்ஸைக் கடித்துக்கொண்டே புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் என் நாடகம் தொடங்கியது.

கடித்த ரோல்ஸைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"முத்துச் சலாபம் அல்லது மனந்திரும்பிய மன்னார்." மன்னாரின் முத்துக் குளிப்பை வைத்து, முன்னூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னர் ஒல்லாந்து தேசத்தில் அச்சான நாடகம். இங்கிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் பழகிய டச்சு மொழியை வைத்துக்கொண்டு, லீவு நாட்களை எல்லாம் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கழித்து, ஒன்பது வருடத்தில் தமிழாக்கினேன். ஐந்து அங்கமும் உன் மலரில் இருக்கிறது. "மொழிபெயர்ப்பு: பாசமிகு மகள் கொறற்றி" என்று போட்டிருக்கிறாய். அடுத்த பக்கத்தில் நன்றி நவிலல். சாப்பாடு தந்த கடைக்காரருக்கும் எனக்கும் ஒரே அளவு எழுத்து.

உனக்கு அந்தக் கோப்பை நான் அனுப்பியது இதற்கா? அப்பாவுக்குக் கண் மங்கிப்போனது, எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடு என்று செப்டம்பரில் அனுப்பினேன். அதை அச்சகத்துக்குக் கொடு என்று எந்த வரியில் எழுதினேன்?

அதுகூடப் பரவாயில்லை என்று ஒரு நாள் நினைக்கக்கூடும். ஆனால் என் முன்னுரையில் இரண்டு பக்கத்தைக் காணவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையில் இந்த நாடகம் ஆடப்பட்டதைப் பற்றிய பக்கங்கள். அந்த இடத்தில் "எமது குலத்தின் கலைப் பாரம்பரியம்" என்று நீ எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது. ஊர்ச் சங்கத் தலைவர் இரத்தினம் அண்ணை மைக்கைப் பிடித்து, அப்பாவின் படத்தைக் காட்டி, "ஐரோப்பியர் மேடையிலை ஏறின முதல் தமிழன் எங்கடை யோசேப்பு அண்ணையின்ரை பூட்டன்" என்று சொன்னபோது சனம் கைதட்டியது. நான் எழுந்து வெளியே போனேன். நீ பார்த்தாய்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நீ அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்த அந்தப் பெரிய எழுத்துப் பிரதி எங்கே? ஒக்டோபரில் நான் கேட்டபோது, "வாசிச்சவர், ஒண்டும் சொல்லேல்லை" என்றாய். நவம்பரில் கேட்டேன், அதே பதில். எழுதியதற்காக அப்பா என்னோடு கோபம் என்று விளங்கிக்கொண்டேன். அதனால்தான் நத்தார் பண்டிகைக்கு வரவில்லை. ஜனவரி மூன்றாம் தேதி அவர் போய்விட்டார்.

பிரதியை எனக்கு அனுப்பு. வேறொன்றும் வேண்டாம்.

கொறற்றி

❖

கார்ல்ஸ்ரூஹே
14 பெப்ரவரி 2024, விபூதிப் புதன்

அக்கா,

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியில் கண்ட எவ்லின், "என்னப்பா, வரிக் கந்தோரோ?" என்று கேட்டபடி கொண்டுவந்தாள். இந்த வீட்டுக்குக் கடிதம் என்று வந்தால் அரசாங்கக் கந்தோர் கடிதம்தான். வாசித்து முடிக்கும்போது கந்தோர் கடிதமே மேல் என்று நினைத்தேன்.

நான் உங்களைப்போல எழுதமாட்டேன். எட்டு வயதில் இங்கே வந்தவன், அம்மா சமைத்தபடி குசினி மேசையில் வைத்து அடித்துப் படிப்பித்த தமிழ்தான் என்னிடம் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ, உங்களுக்கு அதுதானே பிடித்த வேலை.

மூன்று வருடம் அப்பா என் வீட்டில் கிடந்தார். அதிகாலை ட்ராம் ஓட்டப் போகமுன் அவரைத் தூக்கி இருத்தி, துடைத்து, உடுப்பு மாற்றி, மருந்துக் குளிசை கொடுத்துவிட்டுத்தான் போவேன். எவ்லின் மத்தியானம் செய்வாள். பராமரிப்பு உதவிக்கு நாலு தரம் அன்ட்ராக் படிவம் போட்டேன், இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஹேக்கில் போயிருந்து எந்தக் காலத்திலோ செத்தவன் எழுதிய கடிதம் வாசித்தீர்கள். உயிரோடு இருந்த மனுசனுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு ஃபோன்.

புத்தகத்தைக் கேட்காமல் அடித்தது பிழை என்று சொல்கிறீர்கள். கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? ஒன்பது வருடமாக "இன்னும் ஒருக்காப் பார்க்கவேணும்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எல்லாரும் மலரில் தேவாரமோ ஜெபமோ போடுகிறார்கள், வாங்கிய சனம் அடுத்த நாள் பழைய கடதாசியோடு போட்டுவிடும். என் அப்பாவின் மலரில் ஒரு பெறுமதியான விஷயம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அக்காவின் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றும் நினைத்தேன், நம்பினால் நம்புங்கோ.

இனி நீங்கள் கேட்ட அந்த இரண்டு பக்கம். அக்கா, தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள், அந்த மனுசன்ரை படத்துக்குக் கீழே, எங்கடை பரம்பரை இப்பிடிப்பட்டது என்று ஆராவது அச்சடிப்பினமோ? பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்குச் சம்பந்தம் பேச வாற சனமும் வாசிக்கும்.

பிரதியைத் தேடிப் பார்க்கிறேன். அப்பாவின் அறையை இன்னும் ஒதுக்கவில்லை.

றெக்ஸ்

❖

ஆஹென்
25 பெப்ரவரி 2024

றெக்ஸ்,

நீ அப்பாவைப் பார்த்துக்கொண்டதை நான் எந்த இடத்திலும் மறுக்கவில்லை. செத்தவீட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். திரும்பவும் சொல்கிறேன்: நீ செய்ததில் பாதிகூட நான் செய்யவில்லை. அதற்காக என் இரண்டு பக்கத்தை நீ எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது.

"சம்பந்தம் பேச வாற சனம்" என்கிறாய். சரி. நீ வெட்டியது என்ன என்று உனக்கே முழுதாகத் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம். பொறுமையாக இரு, எழுதுகிறேன். கைதட்டாமல் வாசி.

முதலில் ஒன்று. இந்த நாடகத்தை வெட்டிய முதலாள் நீ இல்லை, அந்தப் பெருமையும் உனக்குக் கிடையாது. முதற்பதிப்பு 1698, மிடில்பேர்க் நகரம். எழுதியவன் பெயர் போடவில்லை, "சத்தியத்தை நேசிப்பவன் ஒருவன்" என்று மட்டும் இருக்கிறது. அவன் மன்னாரைக் கண்ணால் கண்டவனில்லை. முத்துக் குளிப்பவர்கள் அவன் நாடகத்தில் குதிரையில் வருகிறார்கள். கதை இதுதான்: ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாரை வீட்டில் வைத்திருந்தால் தண்டனை. ஒரு முத்துக் குளிப்பவனின் மகள் குரு ஒருவரை ஒளித்துவைக்கிறாள். அவளுடைய தம்பி அந்தோனி, ஆட்சி நடத்திய ஒல்லாந்து வணிகக் கம்பனியிடம் போய் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறான். நாடகத்தில் அவன்தான் வீரன். கடைசியில் அக்காக்காரி கண்ணீர் விட்டு மனந்திரும்பி, தம்பியின் கையை முத்தமிடுகிறாள். நாலாம் அங்கத்தில் தளபதி அவனுக்கு ஒரு பணமுடிப்பும் ஒரு மேலங்கியும் கொடுக்கிறான்.

இரண்டாம் பதிப்பு 1731, கம்பனியின் கீழைத் தலைநகரான பட்டேவியா. அச்சடித்தவன் அந்த நாலாம் அங்கக் காட்சியை எடுத்துவிட்டான். கம்பனி கூலி கொடுத்துக் காட்டிக் கொடுக்க வைத்தது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அந்தோனி விசுவாசத்தால் செய்தான் என்றே இருக்கவேண்டும். மூன்றாம் பதிப்பு கொழும்பில் அச்சானது, அதிலும் அந்தக் காட்சி இல்லை. முதற்பதிப்பின் ஒரு பிரதியைத் தேடி எடுத்து, போன காட்சியைத் திரும்ப வைத்தவள் நான். அதனால் உன்னுடையது நான்காம் பதிப்பு. அதிலும் ஒரு வெட்டு. பழக்கம் விட்டுப்போகவில்லை.

இனி மேடை. பட்டேவியாவில் சிப்பாய்கள் முகத்துக்குக் கரி பூசிக்கொண்டு எங்களை நடித்தார்கள். கொழும்பிலும் அப்படித்தான், அக்காக்காரியாக மேளக்காரன் ஒருவன் பாவாடை கட்டினான். யாழ்ப்பாணக் கோட்டையில் 1753இல் ஆடினபோது மட்டும் கரி வாங்கவில்லை. ஆளையே கூப்பிட்டார்கள்.

கோட்டைச் செயலாளன் கொழும்புக்கு எழுதிய கடிதத்தைக் காப்பகத்தில் வாசித்தேன். அந்தோனியாக நடித்தவன் சூசைப்பிள்ளை என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர். நாலு வருடத்துக்கு முன் ஒரு குருவின் ஒளிவிடத்தைக் கம்பனிக்குக் காட்டியவனும் அவன்தான். செயலாளன் எழுதுகிறான்: "இவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை." குரு நிலவறையில் செத்துப்போனார். அவரை வைத்திருந்தவள் பேர்பெச்சுவா, சூசைப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். சங்கிலியோடு பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். கப்பலில் ஏற்றிய பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. இறக்கிய பட்டியலில் இல்லை.

அவனுக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு மேலங்கியும் இளவாலைப் பக்கம் ஒரு தோட்டமும். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினான். அதனால்தான் எங்களை ஊரில் "சிவத்தச்சட்டையார்" என்று கூப்பிட்டார்கள். கோட்டைக்குள் வேஷம் கட்டிய பரம்பரை என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார். வேஷம் கட்டியது உண்மை. என்ன வேஷம் என்பதுதான் அந்த இரண்டு பக்கம்.

இதைத்தான் அப்பா வாசித்தாரா என்று கேட்கிறேன். பிரதி எங்கே?

கொறற்றி

❖

கார்ல்ஸ்ரூஹே
5 மார்ச் 2024

அக்கா,

நீங்கள் எழுதியது எல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் அந்தக் கோப்பை அச்செடுத்தேன், வாசிக்காமல் விட நான் என்ன மெசினா?

உங்களுக்கு அந்தப் பேர்பெச்சுவாவில் இருக்கிற இரக்கம் எங்களில் இருந்திருந்தால் நல்லது. அவள் கப்பலால் இறங்கினாளா இல்லையா என்று ஒன்பது வருடம் தேடினீர்கள். அப்பா கட்டிலால் இறங்கினாரா இல்லையா என்று கேட்க உங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

இதைச் சொல்லாமல் விடுவோம் என்று இருந்தேன். நீங்கள் விடமாட்டீர்கள். அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டியது நான் இல்லை. அப்பாதான். வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு இழுத்துவிட்டார். "என்ரை பேர் இருக்கிற இடத்திலை இது வேண்டாம்" என்றார். செத்தவரின் சொல்லை நான் தட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி என்னைத் திட்டாமல் அவரைத் திட்டுங்கோ.

றெக்ஸ்

❖

ஆஹென்
22 மார்ச் 2024

றெக்ஸ்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை.

சென்னைப் பதிப்பாளரிடமிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. அவரோடு ஒன்றரை வருடமாகப் பேசிக்கொண்டிருந்தேன், வருகிற மாதம் ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தது. ஆரோ அவருக்கு உன் மலரின் பிடிஎஃப்பை அனுப்பியிருக்கிறார்கள். நீதான் குடும்பக் குழுவில் போட்டாய், அங்கிருந்து ஊர்ச் சங்கம், ஊர்ச் சங்கத்திலிருந்து உலகம். "மேடம், இது ஏற்கனவே பப்ளிஷ் ஆகி ஃப்ரீயா சர்குலேட் ஆகுது. அதுவும் ஒரு கருமாதி மலரா. மன்னிக்கணும்" என்று எழுதியிருக்கிறார். மரியாதையான மனிதர், பாவம். அவரில் பிழை இல்லை.

மலரில் வந்த எழுத்தை எவரும் விமர்சிக்கமாட்டார்கள், நூலகத்தில் எவரும் அடுக்கமாட்டார்கள். மேடையேற்றுவோம் என்று எவரும் கேட்கமாட்டார்கள். செத்தவீட்டில் பாடிய ஒப்பாரிக்கு ஆர் மார்க் போடுவது? முன்னூறு வருடமாக இந்த நாடகம் கம்பனியின் மொழியில் கிடந்தது. எங்களைப் பற்றி அவர்கள் எழுதியதை எங்கள் மொழியில் ஒருக்கா எங்களுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். ரோல்ஸோடு சேர்த்துக் காட்டிவிட்டாய்.

ஆனால் உண்மையைச் சொன்னால், மின்னஞ்சலை வாசித்தபோது வந்த துக்கம் உன் கடிதத்துக்கு வந்த துக்கத்தில் கால்வாசி இல்லை. அப்பா கோடு இழுத்தார் என்று எழுதியிருக்கிறாய். இந்த வேலையை நான் தொடங்கியதே அவருடைய கதையால். கோட்டைக்குள் எங்கள் ஆள் ஆடினான் என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதை நிரூபித்துக் கொடுக்கத்தான் ஹேக்குக்குப் போனேன். தேடிப்போனது ஒன்று, கையில் வந்தது வேறொன்று. வந்ததை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை. வாசித்துவிட்டு அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏச்சுக்கூட வரவில்லை. மூன்று மாதம் அந்த மௌனத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

கோடு என்றால் கோடு. என் கண்ணால் பார்க்க வேண்டும். அவருடைய கை இழுத்த கடைசிக் கோடு அதுதான் என்றால் அது எனக்கு உரியது. பிரதியை அனுப்பு, றெக்ஸ். இது நான்காம் தரமாகக் கேட்கிறேனோ ஐந்தாம் தரமோ தெரியாது. கையால் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

கொறற்றி

❖

கார்ல்ஸ்ரூஹே
2 ஏப்ரல் 2024

அக்கா,

பாஸ்கா முடிந்தது. நீங்கள் கோயிலுக்குப் போனீர்களோ தெரியாது.

சென்னை விஷயம் எனக்குத் தெரியாது. அப்படி ஓர் ஆளோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்திருந்தால் குழுவில் போட்டிருக்கமாட்டேன். மலர் என்றால் நல்லது என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பெரிய புத்தகம் மலர்தான், வேறு புத்தகம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒன்று சொல்கிறேன். முன்னூறு பிரதி அடித்தேன். மண்டபம் கழுவ நின்ற நேரம் கதிரைகளில் கிடந்ததை எல்லாம் பொறுக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ரோல்ஸை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றின் மேல் கேக் எண்ணெய். இரத்தினம் அண்ணையும் தன் பிரதியை மேடையிலேயே விட்டுவிட்டார். ஒருவரும் வாசிக்கவில்லை அக்கா. நான் வெட்டியிருக்கத் தேவையே இல்லை.

ஓம். அப்பா என்று இல்லை, நான் என்றுதான் எழுதினேன்.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குரு சொன்னதை எழுதமாட்டேன். இதோடு வாற பார்சலில் பிரதியின் முதல் பாகம் இருக்கிறது, முன்னுரை அதில்தான். சிவப்புக் கோட்டைப் பாருங்கோ. அதற்குக் கீழேயும் பாருங்கோ. அப்பாவுக்குப் பேனையை அழுத்த ஏலாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் கிட்ட இருக்கவில்லை. பென்சிலால்தான் எழுதுவார்.

அதைப் பார்த்தபிறகு என்ன வேண்டுமென்றாலும் எழுதுங்கோ. எழுதாமல் விட்டாலும் சரி.

றெக்ஸ்

❖

ஆஹென்
9 ஏப்ரல் 2024

றெக்ஸ்,

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் மேசையில் வைத்துப் பிரித்தேன்.

பதினெட்டுப் புள்ளி எழுத்து, சுருள் கட்டு, மேலே ஒரு தேத்தண்ணிக் கறை. முன்னுரை முழுக்க அவர் வாசித்திருக்கிறார். சின்னச் சின்னப் பென்சில் சரிகள். என் எழுத்துப் பிழை ஒன்றைக்கூடத் திருத்தியிருக்கிறார். அந்த இரண்டு பக்கத்துக்கும் வந்தால் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. நல்ல அழுத்தம், அடுத்த தாளிலும் தடம் விழுந்திருக்கிறது. பென்சில் எழுத்து கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அவர் எழுதி முடித்த பிறகுதான் நீ இழுத்திருக்கிறாய்.

நீ அதைப் பலமுறை வாசித்திருப்பாய். இருந்தாலும் இங்கே எழுதுகிறேன். உன் கையில் அடைபட்டுக் கிடந்தது ஒரு தரமாவது தபாலில் போகட்டும்.

"தோட்டம்" என்ற என் சொல்லை வெட்டி, பக்கத்தில்: "தோட்டம் இல்லை. பனை வளவு, பதினாறு பரப்பு. காணி உறுதியிலை பேர் சிவத்தச்சட்டை வளவு."

பக்கத்தின் அடியில், எழுத்து ஆட ஆட: "கொறற்றி, இது எனக்குத் தெரியும். என்ரை அப்பு சாகமுன்னம் சொன்னவர். நான் உங்களுக்கு மற்றக் கதையைச் சொல்லி வளர்த்திட்டன். அந்த வளவை வித்துத்தான் 85இலை கிழக்கு பெர்லினாலை இங்கை வந்தனான். அம்மாவையும் உங்களையும் எடுப்பிச்சதும் அதாலைதான். நீ எழுதினது சரி. இந்தப் பக்கம் கட்டாயம் இருக்கவேணும். ஒருக்கா வா, மிச்சம் நேரிலை சொல்லுறன்."

சப்பாத்தைக் கழற்றாமலே நின்று இரண்டாம் தரமும் வாசித்தேன்.

ஒன்பது வருடம் சூசைப்பிள்ளையைப் பற்றி எழுதினேன். ஆரோ ஒருவன், செத்த ஒருவன், அவனை இழிவாக எழுத எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. பேர்பெச்சுவாவைக் கப்பல் ஏற்றியதற்குக் கொடுத்த நிலம் எங்கள் பயணச்சீட்டாகியிருக்கிறது. என் படிப்பு, என் டச்சு, இந்த வீடு, உன் ட்ராம் எல்லாம் அதிலிருந்து வந்தது. அப்பா இதை ஐம்பது வருடத்துக்கு மேலே வாய்க்குள் வைத்திருந்து, கடைசியில் ஓர் ஆளிடம் சொல்ல நினைத்திருக்கிறார். ஆள் வரவில்லை.

பட்டேவியாக்காரன் வெட்டினான், கொழும்புக்காரன் வெட்டினான். அவர்களுக்குக் கம்பனியின் மானம். உனக்கு என்ன? குலத்தின் மானம் என்று சொல்லாதே. நிலத்தைப் பற்றி எழுதியதை மட்டும் மறைக்க நினைத்தால் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு ஒரு சொல் என்னிடம் சொல்லியிருக்கலாம், "அக்கா, அப்பா உங்களை வரச் சொல்லுறார்" என்று. கார்ல்ஸ்ரூஹே நாலு மணித்தியால ரயில். அந்தப் பின்னேரமே வந்திருப்பேன்.

என்னிடம் ஒரு கேள்விதான் மிச்சம். எழுதிக் கொடுத்த பிறகு அப்பா கேட்டாரா? நான் என்ன சொன்னேன், வருகிறேனா என்று கேட்டாரா? நீ அதற்கு என்ன சொன்னாய்?

பொய் எழுதாதே. எழுதினால் எனக்குத் தெரியும்.

கொறற்றி

❖

கார்ல்ஸ்ரூஹே
20 ஏப்ரல் 2024

அக்கா,

பொய் எழுதவில்லை. எவ்லின் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்கும் வாசித்துக் காட்டித்தான் ஒட்டுகிறேன். அவளுக்கும் இது புதிது.

ஒக்டோபர் பதினேழு. வேலையால் வந்தபோது சுருள் கட்டை என் கையில் தந்து, "இதைக் கொறற்றிக்கு அனுப்பிவிடு, ரெஜிஸ்டரிலை போடு" என்றார். அறைக்குப் போய்த் திறந்து பார்த்தேன். மூன்று வருடம் அந்த மனுசனைத் தூக்கியிருக்கிறேன். முதுகு போய்விட்டது, டாக்டரிடம் டெர்மின் எடுத்து எடுத்து, போய்க் காத்திருந்து அலுத்தேன். ஒரு நாள் எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "தண்ணி", "லைற்றை நிப்பாட்டு", "கால் குளிருது". உங்களுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பென்சில் பிடிக்கக் கை ஆடும், அதை எழுத இரண்டு மூன்று நாள் எடுத்திருக்கும். வளவு விற்ற கதையை எனக்குச் சொல்லவில்லை. "நீ எழுதினது சரி" என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு "நீ செய்தது சரி" என்று ஒருக்காலும் சொல்லவில்லை.

குலமும் இல்லை, மானமும் இல்லை அக்கா. பேனை மேசையில் கிடந்தது. இழுத்தேன். இழுத்த பிறகு அனுப்ப ஏலாமல் போய்விட்டது. பிறகு மலர் அடிக்கும்போது அந்தப் பக்கத்தைப் போட்டால் மற்றதும் வெளியில் வரும் என்று பயம்.

உங்கள் கேள்விக்கு வாறன்.

ஓம். கேட்டவர். முதலில் "அனுப்பியிட்டியோ?" என்று கேட்டார். அனுப்பியிட்டன் என்று சொன்னேன். ஒரு கிழமையால் "கிடைச்சிட்டுதாமோ?" என்றார். கிடைச்சதாம் என்றேன். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்கத் தொடங்கினார். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுற சத்தம் கேட்டால் அறைக்குள்ளிருந்து, "என்னவாம், வாறாளாமோ?" என்பார். லீவு கேட்டிருக்கிறாவாம் என்று சொன்னேன். பிறகு லீவு கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். நத்தார் கிழமை, ரயில் ஓடவில்லையாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் ஃபோன் எடுத்தது இரண்டு தரம்தான், இரண்டு தரமும் அவர் நித்திரை என்று உங்களுக்குச் சொன்னேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு மலரும் என் நிலவறையில் இருக்கிறது. உங்கள் இரண்டு பக்கத்தையும், அனுப்பமுன் படமெடுத்து வைத்த அப்பாவின் எழுத்தையும் அச்செடுத்து, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இண்டைக்கு எண்பதாவது. ஒட்டி முடிய ஆருக்கு அனுப்புறது என்று நீங்கள் சொல்லுங்கோ. என்னோடு கதைக்க விருப்பம் இல்லாவிட்டால் ஒரு பட்டியல் மட்டும் அனுப்புங்கோ.

கடைசியாகக் கேட்டது ஜனவரி இரண்டு, பின்னேரம். நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வாறாளாமோ என்றார். வேலை கூடவாம் அப்பா, அடுத்த மாதம் வாறாவாம் என்றேன். காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அவளுக்கு என்னிலை கோபம் போலை" என்றார். "கேட்டுக் கேட்டு அவளைக் கரைச்சல்படுத்தாதை."

றெக்ஸ்